தொடக்கப் பள்ளியில் மாயக்கதைப் படநூல்கள்: தேர்வு, தைப்பு, வாசிப்பு

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றின் இரும்பு பீரோவைத் திறந்து பார்த்தால், படநூல்களே இல்லை என்று யாரும் குறை சொல்லிவிட முடியாது. அனைவருக்கும் கல்வி இயக்கக் காலத்தில் வந்த நூலகப் புத்தகங்கள், நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசை, பிரதம் புக்ஸின் மெல்லிய அட்டை நூல்கள், வாசிப்பு இயக்கத்தின் வழியாக நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிநிலைகளில் வந்த சிறு நூல்கள் என எல்லாம் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றுள் எது மாயக்கதை, எது விலங்குகள் பேசும் நீதிக்கதை, எது அறிவியல் செய்திக்குக் கதை வேடம் போட்டது என்று பிரித்து வைத்திருப்பதில்லை என்பதுதான் குறை. ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளை இரண்டு ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ளும் எங்கள் பள்ளியில், வாரத்தில் சில நாள்களின் கடைசிப் பாடவேளையை மாயக்கதைப் படநூல்களுக்கென ஒதுக்கலாம் என்று தலைமை ஆசிரியரும் நானும் முடிவுசெய்தோம். அதன்பின் செய்த வேலைகளை, இதே முயற்சியைத் தம் பள்ளியில் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதி வைக்கிறேன்.

முதல் வேலை, பீரோவில் இருந்தவற்றை எல்லாம் வகுப்பறைத் தரையில் பரப்பிப் பிரித்ததுதான். நரியும் காகமும் பேசுகின்றன என்பதாலேயே ஒரு நூல் மாயக்கதை ஆகிவிடாது. அங்கே விலங்கு, மனிதனுக்குப் பதிலாக நின்று பேசுகிறதே தவிர, நடக்க முடியாத எதுவும் நடப்பதில்லை. நான் தேடியவை, நாம் வாழும் உலகத்தின் ஏதோ ஒரு விதி மாறிப்போகும் கதைகள்: நிழல் ஆளைவிட்டுப் பிரிந்து நடப்பது, குடைக்குள் மட்டும் மழை பெய்வது, கதவைத் திறந்தால் கடல் வருவது போன்றவை. அப்படிப்பட்ட ஒவ்வொரு நூலுக்கும் ஒரு துண்டுச் சீட்டு வைத்து, அதில் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதினேன். இந்தக் கதையில் நடக்க முடியாதது எது? அந்த மாயத்துக்கு எல்லை எது?

இரண்டாவது கேள்வியே தேர்வின் உயிர் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். மாயத்தால் எதையும் செய்துவிட முடியும் என்றால், அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்று குழந்தை யோசிப்பதற்கு இடமே இல்லை. எது நடந்தாலும் சரி என்று ஆகிவிடும். நம் பாட்டிமார் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, குகைக்குள் இருக்கும் கிளியின் உடலில் அரக்கனின் உயிர் இருக்கிறது என்ற கதையில், அரக்கனை வாளால் வெட்டினாலும் சாகமாட்டான், கிளியின் கழுத்தைத் திருகினால் அங்கேயே விழுந்துவிடுவான். அவ்வளவு பெரிய மாயத்துக்கு அவ்வளவு சிறிய பூட்டு. விக்கிரமாதித்தன் வாயைத் திறந்து பதில் சொன்னால் வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும், பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் தலை சுக்குநூறாகிவிடும் என்ற இரட்டை விதியின் மேல்தான் அந்தக் கதைத்தொடர் முழுவதும் நிற்கிறது. அம்புலிமாமாவில் ஓவியர் சங்கர் வரைந்த, தோளில் வேதாளத்தைச் சுமந்து உருவிய வாளோடு நடக்கும் மன்னனின் படம் ஒரு தலைமுறைக்கே மனத்தில் பதிந்திருப்பதற்கு, அந்த விதியின் இறுக்கம் முழுவதும் அந்த ஒரே படத்தில் தெரிவதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஆகவே, சீட்டில் எல்லையை ஒரே வாக்கியத்தில் எழுத முடியாத நூல்களைத் தனியே வைத்துவிட்டேன். கதாநாயகனுக்கு இடர் வரும்போதெல்லாம் தேவதை வந்து கோலை அசைத்துத் தீர்த்துவைக்கும் நூல்கள் அதில் நிறைய இருந்தன. பளபளப்பான அச்சு, நல்ல தாள், கண்ணைப் பறிக்கும் நிறம் எல்லாம் இருந்தும் அவற்றைக் குழந்தைகள் ஒருமுறைக்கு மேல் எடுப்பதில்லை என்பதை முன்பே கவனித்திருந்தேன்.

அடுத்து, படத்தைச் சோதித்தேன். எழுத்து இருக்கும் பகுதியை வெள்ளைத் தாளால் மறைத்துவிட்டு, படங்களை மட்டும் முதலிலிருந்து கடைசி வரை புரட்டிப் பார்த்தேன். பிறகு படங்களை மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் படித்தேன். இரண்டு வழியிலும் ஒரே கதைதான் கிடைக்கிறது என்றால், அந்தப் படம் எழுத்துக்கு அலங்காரமாக மட்டுமே இருக்கிறது என்று பொருள். எழுத்து சொல்லாத ஒன்றைப் படம் சொல்ல வேண்டும், அல்லது எழுத்து சொல்வதைப் படம் மறுக்க வேண்டும். "அவன் சமர்த்தாகத் தூங்கினான்" என்று எழுத்து சொல்லும்போது கட்டிலின் கீழ் ஏதோ ஒரு வால் தெரிந்தால், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் குழந்தைகூட மற்ற எல்லோருக்கும் முன்னால் அதைக் கண்டுபிடித்துவிடும். எழுத்தறிவில் பின்தங்கிய குழந்தை வகுப்பில் முந்திக்கொண்டு பேசும் வாய்ப்பு வேறு எந்தப் பாடத்திலும் இவ்வளவு எளிதாக அமைவதில்லை.

அதோடு, புத்தகத்தைக் கரும்பலகைக்கு முன்னால் பிடித்து நிற்கச் சொல்லிவிட்டு, வகுப்பின் கடைசிச் சுவருக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். கையில் வைத்துப் பார்க்கையில் மிக அழகாக இருக்கும் நுண்கோட்டு ஓவியங்கள் பத்தடி தூரத்தில் சாம்பல் நிறத் திட்டாகிவிடுகின்றன. அவற்றை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து பார்க்கும் நூல்கள் என்று வேறு அடுக்கில் வைத்தால் போதும். முழு வகுப்புக்குக் காட்டுவதற்குத் தடித்த உருவமும், பின்னணியிலிருந்து விலகித் தெரியும் நிறமும் வேண்டும். இரண்டு பக்கங்களுக்கும் பரந்த படமாக இருந்தால், முக்கியமான உருவம் நடு மடிப்பில் விழுந்து மறைகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எழுத்தைப் பொறுத்தவரை ஒரே வழிதான் உண்டு: வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது. மொழிபெயர்ப்பு நூல்களில், பேசும் யானை "நான் மிகவும் மகிழ்ச்சியாக உணர்கிறேன்" என்று சொன்னால் அந்த யானையை எந்தக் குழந்தையும் நம்பாது. முதல் இரண்டு வகுப்புகளுக்கு, ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று வரிகளுக்கு மேல் போகாத நூல்களையே எடுத்தேன். தமிழில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. பறந்துகொண்டிருந்தபோது, விழுந்துவிடுவேனோ போன்ற நீண்ட சொற்கள் வரியின் ஓரத்தில் இடமில்லாமல் பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போகும்போது, எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தை இரண்டு பாதிகளையும் வெவ்வேறு சொற்களாக எடுத்துக்கொள்கிறது. சொல் உடையாமல் வரி பிரித்திருக்கும் நூலை அச்சிட்டவர், அதைப் படிக்கப்போகும் பிள்ளையை மனத்தில் வைத்து வேலை செய்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிச் சலித்ததில் மிஞ்சியவை குறைவாக இருந்ததால், பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்திலிருந்து சில தமிழ் நூல்களைத் தேர்ந்து அச்சிட்டுக்கொண்டோம். அங்குள்ள கதைகளை, எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் உரிமக் குறிப்பையும் நீக்காமல், யார் வேண்டுமானாலும் அச்சிட்டுப் பயன்படுத்தலாம். வண்ண அச்சு செலவு பிடிக்கும் என்பதால், கறுப்பு வெள்ளையிலும் உருக்குலையாத படங்கள் உள்ளவற்றை மட்டும் எடுத்தோம். சென்னையிலிருந்து வரும் துலிகா, தாரா பதிப்பகங்களின் நூல்கள் சிலவற்றை ஊர்க்காரர் ஒருவர் பள்ளிக்கு வாங்கிக் கொடுத்தார்.

பழுதுபார்த்தலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல நூல்கள் என்று நான் எடுத்து வைத்தவைதான் பெரும்பாலும் கிழிந்திருந்தன. மெல்லிய படநூல்கள் நடுவில் இரண்டு கம்பிப் பின்கள் அடித்தே வருகின்றன. மழைக்கால ஈரத்தில் பின் துருப்பிடித்து, துரு தாளைத் தின்று, நடுத்தாள் முதலில் கழன்றுவிடுகிறது. பின்னின் கால்களை மழுங்கிய கத்தி முனையால் நிமிர்த்தி வெளியே எடுத்துவிட்டு, மடிப்பில் குத்தூசியால் மூன்று துளைகள் போட்டு, தடித்த பருத்தி நூலில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் தைத்தேன். உள்ளிருந்து நடுத்துளை வழியாக ஊசியை வெளியே எடுத்து, மேல்துளை வழியாக உள்ளே விட்டு, அங்கிருந்து நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளைக்குப் போய் வெளியே எடுத்து, மீண்டும் நடுத்துளை வழியாக உள்ளே கொண்டுவந்தால், நூலின் இரு முனைகளும் ஒரே இடத்தில் சந்திக்கும். அவற்றுக்கிடையே ஓடும் நீண்ட தையலை உள்ளடக்கி முடிச்சுப் போட்டுவிட்டால் தையல் நகராது. பின்னைவிட இது உறுதியானது, புத்தகமும் முழுவதுமாக விரிந்து படுக்கும், குழந்தைகளின் விரலில் கம்பியும் குத்தாது. ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் இந்தத் தையலைப் பார்த்த அளவிலேயே கற்றுக்கொண்டார்கள்.

கிழிந்த பக்கத்துக்கு செலோடேப் ஒட்டவே கூடாது. அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளுக்குள் ஊறி, டேப் உதிர்ந்த பிறகும் கறை படத்தின் மேலேயே தங்கிவிடும். வெள்ளைப் பட்டத்தாளை விரல் அகலத்துக்குக் கையால் கிழித்து (கத்தரியால் வெட்டினால் விளிம்பு பட்டையாகத் தெரியும்), மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் கட்டியில்லாமல் காய்ச்சிய பசையை மெல்லத் தடவி, கிழிசலின் மேல் வைத்து, இரு புறமும் பிளாஸ்டிக் தாள் கொடுத்து, வருகைப் பதிவேடுகளின் அடியில் ஓர் இரவு வைத்தால் போதும். பைண்டிங் கடைகளில் பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, விரலை வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகள் தொடும் நூலில் அது வேண்டவே வேண்டாம். பசையை வேண்டிய அளவு மட்டும் அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொண்டால் போதுமானது.

வாசிப்புக்கு வருகிறேன். அபிகெய்ல் ஹௌசனும் பிலிப் யெனவைனும் அருங்காட்சியக ஓவியங்களைக் குழந்தைகளோடு பார்ப்பதற்கென உருவாக்கிய முறையில் மூன்றே கேள்விகள்தான்: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? மாயக்கதைப் படநூலுக்கு இவற்றைவிடப் பொருத்தமான கேள்விகளை நான் பார்த்ததில்லை. இரண்டாவது கேள்விதான் வகுப்பையே மாற்றுகிறது. மாய உலகத்தில் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்று குழந்தைகள் தொடங்கும்போது, "எதைப் பார்த்து?" என்ற கேள்வி அவர்களை மீண்டும் படத்திடம் அழைத்துவருகிறது. நான் முதல் நாள் நூலின் எழுத்தைப் படிப்பதே இல்லை. படங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் காட்டி, இந்த மூன்று கேள்விகளை மட்டும் கேட்டு, யார் சொன்னதையும் சரி என்றோ தவறு என்றோ தீர்ப்புச் சொல்லாமல் திருப்பிச் சொல்லிக்கொண்டே போவேன். அடுத்த நாள், கேள்வியே இல்லாமல், இடையில் நிறுத்தாமல், முழுக் கதையையும் வாய்விட்டுப் படிப்பேன். முதல் நாள் ஊகித்தவர்கள் அன்று காது கொடுத்துக் கேட்கும் விதமே வேறாக இருக்கும். குழந்தையோடு நூலைப் பகிர்ந்து படிக்கும்போது திறந்த கேள்விகள் கேட்பதும், குழந்தை சொன்னதை விரித்துச் சொல்வதும் மொழி வளர்ச்சிக்கு உதவுகின்றன என்பதை அமெரிக்க உளவியலாளர் வைட்ஹர்ஸ்டின் குழுவினர் 1988இலேயே ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் அதைப் பெற்றோருக்கும் ஒற்றைக் குழந்தைக்குமாகச் செய்தார்கள். ஐந்து வகுப்புகள் கலந்து தரையில் உட்கார்ந்திருக்கும் அறையில் அதற்கேற்பச் சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்படி நடந்த வாசிப்புகளில் ஒன்றை மட்டும் விரிவாக எழுதுகிறேன். அமெரிக்க ஓவியர் டேவிட் வீஸ்னரின், செவ்வாய்க்கிழமை என்று பொருள்படும் தலைப்புடைய படநூல் 1991இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, அமெரிக்காவில் சிறந்த படநூல் ஓவியத்துக்கு வழங்கப்படும் கால்டிகாட் பதக்கம் பெற்றது. அதில் நேரத்தைக் குறிக்கும் சில சொற்களைத் தவிர எழுத்தே இல்லை என்பதால் மொழி ஒரு தடையே அல்ல. செவ்வாய்க்கிழமை மாலை எட்டு மணியளவில், குளத்துத் தவளைகள் தாங்கள் உட்கார்ந்திருந்த அல்லி இலைகளோடு மேலெழுந்து ஊருக்குள் பறந்து போகின்றன. சமையலறையில் ரொட்டி தின்றுகொண்டிருப்பவர் சன்னலுக்கு வெளியே அவற்றைப் பார்க்கிறார். ஒரு பாட்டி தூங்கிக்கொண்டிருக்கும் அறையில் தவளைகள் தொலைக்காட்சி பார்க்கின்றன, ஒன்று நாக்கை நீட்டி ரிமோட்டை அமுக்குகிறது. விடியும் நேரத்தில் இலைகள் விழ, தவளைகள் தத்தித் தத்திக் குளத்துக்குத் திரும்புகின்றன. காலையில் தெருவெங்கும் கிடக்கும் இலைகளைப் போலீசார் ஆராய்கிறார்கள். கடைசியில், அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை, கொட்டகையின் கூரைக்கு மேலே பன்றிகள் மிதக்கின்றன.

நான் வழக்கம்போல மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொண்டேன். தவளை எப்படிப் பறக்கிறது என்ற விவாதம் தானாகவே தொடங்கியது. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, விடியற்காலைப் படத்தை மறுபடி காட்டச் சொல்லிவிட்டு, "டீச்சர், எலைக்குத்தான் சக்தி, தவளைக்கு இல்ல. பாருங்க, எலை கீழ வுழுந்ததும் தவளை நடந்துதான் போவுது" என்றாள். எதைப் பார்த்துச் சொல்கிறாய் என்று நான் கேட்பதற்கு முன்பே அவள் விரல் படத்தின் மேல் இருந்தது. வகுப்பு முழுவதும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. கடைசிப் பக்கத்தைத் திருப்பியதும் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "அப்ப பன்னிக்கு எலை எங்க?" என்று கேட்டான். பன்றிகளின் அடியில் இலை ஏதும் இல்லை. அந்தச் சிறுமி புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் புரட்டினாள். வேறு யாரும் பேசவில்லை. பிறகு, "எலைக்கும் இல்ல. கெழமைக்குத்தான் சக்தி. செவ்வாக்கெழம வந்தா எது வேணா பறக்கும், பொழுது விடிஞ்சா முடிஞ்சிரும்" என்றாள். உடனே இன்னொருத்தி, செவ்வாய் மாரியம்மனுக்கு உகந்த நாள், தன் வீட்டில் அன்று கவிச்சி சமைக்கமாட்டார்கள், ஆகவே அந்தக் கிழமைக்குச் சக்தி இருப்பது உண்மைதான் என்று துணைக்கு வந்தாள்.

ஒரு கருதுகோளை முன்வைத்து, அதற்கு எதிரான சான்று வந்ததும் அதைக் கைவிட்டு, இரண்டு சான்றுகளையும் விளக்கும் வேறொரு விதியைக் கண்டுபிடிப்பது எட்டு வயதுக் குழந்தைக்கு எளிய காரியம் அன்று. மாயக்கதைகள் குழந்தைகளை நடப்புலகத்தை விட்டு விலக்கிவிடும் என்று கவலைப்படும் பெற்றோரிடம் இப்போதெல்லாம் இந்த நிகழ்ச்சியைத்தான் சொல்கிறேன். நடப்புலகத்தின் விதிகள் நன்றாகத் தெரிந்திருந்தால்தான் எது மீறப்பட்டது என்பது தெரியும். மீறலுக்குள்ளும் ஒழுங்கு இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற மனம், அறிவியல் பாடத்துக்கு வரும்போது அந்த எதிர்பார்ப்பை வெளியே விட்டுவிட்டு வருவதில்லை.

படத்தின் அளவே கதை சொல்லும் என்பதைக் காட்ட, அமெரிக்க ஓவியர் மோரிஸ் செண்டாக் 1963இல் வெளியிட்ட 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' என்ற புகழ்பெற்ற நூலைப் பயன்படுத்தினேன். ஓநாய் உடுப்பு அணிந்து வீட்டில் அட்டகாசம் செய்யும் மேக்ஸ் என்ற சிறுவன், இரவு உணவு இல்லாமல் அறைக்கு அனுப்பப்பட, அந்த அறையே காடாக வளர்ந்து, அவன் கடல் கடந்து கொடிய உருவங்களின் நாட்டுக்கு அரசனாகித் திரும்புகிறான். தொடக்கத்தில் படம் வெள்ளைத் தாளின் நடுவே சிறிதாக இருக்கிறது. அறை காடாக மாற மாறப் படம் பக்கத்துக்குப் பக்கம் பெரிதாகி, வெள்ளை ஓரத்தை விழுங்கி, எதிர்ப்பக்கத்துக்கும் பரவி, ஆட்டம் உச்சத்தை அடையும்போது எழுத்துக்கே இடமில்லாமல் மூன்று இரட்டைப் பக்கங்களை நிறைத்துவிடுகிறது. அவன் திரும்பும்போது மீண்டும் சுருங்கி, கடைசிப் பக்கத்தில் படமே இல்லாமல் ஒரு வரி மட்டும் எஞ்சுகிறது: உணவு இன்னும் சூடாக இருந்தது. ஐந்தாம் வகுப்பினரிடம் அளவுகோலைக் கொடுத்து, ஒவ்வொரு படத்தின் நீள அகலத்தையும் குறித்துப் பரப்பளவு கணக்கிட்டுக் கட்டத்தாளில் வரையச் சொன்னேன். கோடு ஏறி இறங்கும் விதத்தைப் பார்த்து, மாயம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று அவர்களே சொன்னார்கள். கணக்குப் பாடவேளை இதற்குப் போனதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. சன்னலில் முதலில் பிறையாக இருந்த நிலா கடைசியில் முழு நிலாவாக இருப்பதை முதல் வகுப்புக் குழந்தை ஒன்று கண்டு சொன்னதும், உணவு ஆறவில்லை என்றால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், நிலா வளர்ந்திருக்கிறது என்றால் எத்தனை நாள் ஆகியிருக்கும் என்ற வாதம் மணி அடித்த பிறகும் வராந்தாவில் தொடர்ந்தது.

அந்த நூல் வந்த காலத்தில் குழந்தைகளைப் பயமுறுத்தும் என்று அமெரிக்காவில் எதிர்ப்பு இருந்தது. பயம் பற்றிய கேள்வி நம் ஊரில் வேறு விதமாக எழுகிறது. எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் பலருக்கு முனி என்பது கதைப் பாத்திரம் அன்று; ஏரிக்கரையில் அரிவாளோடு நிற்கும், ஆண்டுதோறும் பொங்கல் வைத்துக் கும்பிடும் சாமி. அரக்க உருவம் உள்ள படத்தைக் காட்டும்போது, "இது எங்க ஊரு முனியாட்டம் இருக்குது" என்று ஒரு குழந்தை சொன்னால், ஆசிரியர் உடனே "அதெல்லாம் பொய், இது வெறும் கதை" என்று சொல்வது சரியல்ல என்று நினைக்கிறேன். அப்படிச் சொன்னால் குழந்தையின் வீட்டையும் பாட்டியையும் பொய் என்று சொன்னதாகிவிடும். அதன் பிறகு அந்தக் குழந்தை தான் பார்த்ததைச் சொல்வதை நிறுத்திக்கொள்ளும். எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய் என்ற அதே கேள்வியைக் கேட்டால், மீசை, பெரிய கண், உட்கார்ந்திருக்கும் விதம் என்று படத்துக்குள் வந்துவிடுகிறது. மறுபுறம், உண்மையிலேயே இரவில் பயந்து அழும் குழந்தை வகுப்பில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பெற்றோரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பயத்தை உண்டாக்கும் நூலாக இருந்தால், பயம் அதே நூலுக்குள் தீர்ந்து, பாத்திரம் வீட்டுக்கு வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படித் தீராத நூல்களை நான்காம் வகுப்புக்குக் கீழே நான் கொண்டுபோவதில்லை. கடைசிப் பாடவேளையில் முதல் முறையாக அத்தகைய நூலை எடுப்பதுமில்லை, ஏனென்றால் அதைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

வாசிப்புக்குப் பிறகு, "இக்கதையால் நாம் அறியும் நீதி என்ன?" என்று கேட்பதை முற்றிலும் விட்டுவிட்டேன். அந்தக் கேள்வி ஒருமுறை வந்துவிட்டால், அடுத்த கதையைப் பிள்ளைகள் படம் பார்த்துக் கேட்பதில்லை, விடையைத் தேடிக்கொண்டே கேட்கிறார்கள். அதற்குப் பதிலாக அவர்களே ஒரு நூல் செய்வது என்று வைத்துக்கொண்டோம். ஒரு பெரிய தாளை எட்டாக மடித்து விரித்து, நடுவிலுள்ள மடிப்பில் மட்டும் ஒரு கீறல் போட்டு, கீறலை இரு பக்கமும் விலக்கி மடித்தால், பசையும் தையலும் இல்லாமல் எட்டுப் பக்கச் சிறு நூல் கிடைக்கும். வரையத் தொடங்குவதற்கு முன் நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: பின் அட்டையில் அந்தக் கதையின் மாயமும் அதன் எல்லையும் இரண்டு வரியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் சொல்ல, பெரிய வகுப்பினர் எழுதிக் கொடுத்தார்கள்.

அவற்றில் ஒரு நூலின் பின் அட்டையில் இருந்தது: "எங்க கெணத்துல ராத்திரி வாளிய எறக்குனா நட்சத்திரம் வரும். சிந்துனா தவளையாயிடும்." அதைச் செய்தவன் இரண்டாம் வகுப்பு மாணவன். எட்டுப் பக்கங்களிலும் அவன் செய்தது, வாளி சிந்தாமல் வீட்டுக்கு வந்து சேருமா என்ற ஒன்றே. வாசற்படி தடுக்கும் பக்கத்தை மட்டும் மிகப் பெரிதாக வரைந்திருந்தான், வாளியிலிருந்து ஒரு துளி விளிம்பில் நிற்கிறது. கதை முடிவில் வீட்டில் விளக்குக்குப் பதிலாக நட்சத்திரம் எரிகிறது, ஒரு மூலையில் ஒரே ஒரு தவளை உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தவளையைப் பற்றி எழுத்தில் ஒரு சொல்லும் இல்லை. இன்னொருத்தி, கண்ணை மூடிக்கொண்டால் மட்டும் ஓடும் மினி பஸ்ஸை வரைந்தாள். ஓட்டுநரும் கண்ணை மூட வேண்டுமா என்று நண்பர்கள் கேட்க, அதற்காகவே மேலும் ஒரு தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

தொடக்க வகுப்புகளுக்கு, அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் உறுதிசெய்வதற்கான தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பயிற்சிகள் நாள்தோறும் இருக்கின்றன; இந்த வாசிப்பு அதற்குப் போட்டியாக வந்துவிடக் கூடாது என்று தலைமை ஆசிரியர் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். அப்படி ஆகவில்லை. எழுத்துக் கூட்டத் தடுமாறுபவர்கள், ஏற்கெனவே படத்தின் வழியாகக் கதை தெரிந்த நூலில், சொல்லின் முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை ஊகித்துச் சரிபார்க்கிறார்கள். அதை முழுமையான வாசிப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் புத்தகத்தைக் கையில் எடுப்பதற்கே அஞ்சியவர்கள் எடுக்கிறார்கள்.

இப்போது நூல்கள் பீரோவில் இல்லை. வகுப்பறையின் சன்னல் கம்பிகளுக்கிடையே கட்டிய நைலான் கயிற்றில் அட்டை தெரியும்படி தொங்குகின்றன. ஒவ்வொன்றின் உள்ளட்டையிலும் அதே இரண்டு கேள்விகள் உள்ள புதிய துண்டுச் சீட்டு ஒன்றை ஒட்டியிருக்கிறேன். மாயம் என்ன என்ற வரியை மட்டும் நிரப்பியிருக்கிறேன். எல்லை எது என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். படித்து முடித்தவர்கள் பென்சிலால் எழுதலாம், முன்பு எழுதியவரோடு உடன்படாதவர்கள் அதன் கீழே தங்கள் விடையை எழுதலாம், அழிப்பதற்கு மட்டும் அனுமதியில்லை. வீட்டுக்கு எடுத்துச் செல்பவர்கள் பதிவேட்டில் தாங்களே பெயர் எழுதுகிறார்கள். கிழிந்து திரும்பிய நூலைத் தைப்பதற்கு ஐந்தாம் வகுப்பில் இருவர் பொறுப்பேற்றிருக்கிறார்கள், அவர்கள் ஆறாம் வகுப்புக்குப் போவதற்கு முன் நான்காம் வகுப்பினருக்குத் தையலைக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும்.